விரல்கள் தயார், நேரம்தான் இல்லை

ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகால் சிப்காட்டில் யமஹா பைக் தயாராகிறது. அந்த வண்டியின் டாங்கில் இருக்கும் சின்னத்தை உற்றுப் பார்த்தால், மூன்று இசைக்கவைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே கிடப்பது தெரியும். சுருதி பார்க்க உதவும் இசைக்கவை பைக்கில் ஏறியதற்குக் காரணம் உண்டு. 1887இல் டோரகுசு யமஹா என்பவர் ஜப்பானில் ஆர்கன் செய்யத் தொடங்கியதில் பிறந்த நிறுவனம் அது. பைக் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்தது 1955இல்தான். இசைக்கருவிப் பக்கத்துச் சகோதர நிறுவனமும் சில ஆண்டுகளாகச் சென்னை அருகே ஆலை வைத்துக் கிட்டாரும் கீபோர்டும் செய்கிறது. ஆக, கார், லாரி, டயர், செல்போன் என்று உலகத்துக்கே பொருள் செய்து அனுப்பும் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்துக்குக் கிட்டார் ஒன்றும் அந்நியச் சரக்கு இல்லை. அதை மடியில் வைத்து வாசிக்கும் நேரம்தான் அந்நியமாக இருக்கிறது.

கம்பெனி பஸ்ஸில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் எத்தனை பேருக்குக் கிட்டார் ஆசை இருக்கும் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. ஆனால் ஆசை எங்கிருந்து வந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். தமிழ் சினிமா கிட்டாரை வெகுகாலம் வசதியான வீட்டுப் பிள்ளையின் கையிலோ காதலில் திளைக்கும் நாயகன் கையிலோதான் கொடுத்துவைத்தது. 1980இல் வந்த ‘மூடுபனி’யில் பிரதாப் போத்தன் கிட்டாரோடு உட்கார்ந்த காட்சியும், 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டில் ஆர். சந்திரசேகர் வாசித்த தந்தியோட்டமும் மூன்று தலைமுறை விரல்களை அரிக்கவைத்திருக்கின்றன. அந்த ஆசைக்குப் பாலிடெக்னிக் முடித்த பையன், ஐடிஐ முடித்த பெண் என்ற பேதமெல்லாம் கிடையாது. கையில் சம்பளம் வரத் தொடங்கியதும் பலர் முதலில் வாங்குவது பைக் அல்லது போன். மூன்றாவதாகச் சிலர் கிட்டார் வாங்குகிறார்கள். அது ஹாஸ்டல் அறையில் கதவுக்குப் பின்னால் உறையோடு நின்றுவிடுவதும் உண்டு.

இப்படி விட்டுவிடுவது இந்த ஊர்க்காரர்களின் சோம்பல் அல்ல. உலகின் பெரிய கிட்டார் நிறுவனங்களில் ஒன்றான அமெரிக்காவின் ஃபெண்டருக்குத் தலைவராக இருந்த ஆண்டி மூனி, புதிதாகத் தொடங்குபவர்களில் பத்தில் ஒன்பது பேர் முதல் ஆண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். விற்பவரே ஒப்புக்கொண்ட கணக்கு இது. அதே நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு தகவலும் இருந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புதிதாகக் கிட்டார் எடுப்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கும் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் இதைச் சற்று நினைவில் வைக்க வேண்டும்.

ஏன் விடுகிறார்கள்? முதல் காரணம் வலி. ஸ்டீல் தந்தி விரல் நுனியை அறுக்கும். நுனித்தோல் காய்த்துப்போக மூன்று நான்கு வாரமாவது ஆகும். ஜி, சி, டி என்று மூன்று கார்ட் பிடிக்கக் கற்றதும் உலகமே கைக்குள் வந்தது போல இருக்கும். அப்போது எஃப் வரும். ஆள்காட்டி விரலை மடக்காமல் ஆறு தந்திகளையும் ஒரே விரலால் அழுத்தி, மீதி மூன்று விரல்களை அதன் மேல் அடுக்க வேண்டிய கார்ட் அது. முதல் நூறு முறை சத்தமே வராது, ‘டொக்’ என்று மரம்தான் பேசும். கிட்டாரை ஆணியில் மாட்டிவிடுபவர்களில் பாதிப் பேர் எஃப் கார்டின் வாசலில்தான் திரும்பியிருப்பார்கள் என்பது வாசிக்கத் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வது.

ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு முன்னோடி இருக்கிறார். 1017இல் அங்கே பிறந்த ராமானுஜர், மந்திரத்தின் பொருள் கேட்பதற்காகத் திருவரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடையாய் நடந்தார் என்பது வைணவ மரபு. ஊரறிந்த ஆசாரியராக இருந்தவரையே திருப்பி அனுப்பினாராம் நம்பி. எஃப் கார்டுக்கு 18 முறை போதாது, அவ்வளவுதான்.

வயது வந்தபின் விரல் வளையாது என்று சொல்பவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. தாமஸ் எல்பெர்ட்டும் சகாக்களும் 1995இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வயலின் போன்ற தந்திக் கருவி வாசிப்பவர்களின் மூளையில் இடக்கை விரல்களுக்கான பகுதி மற்றவர்களைவிட விரிந்திருந்தது. சிறு வயதிலேயே தொடங்கியவர்களிடம் அந்த விரிவு அதிகம். பலரும் இதைப் படித்துவிட்டு, ‘பார்த்தாயா, சின்ன வயதிலேயே சேர்ந்திருக்கணும்’ என்று முடித்துவிடுவார்கள். ஆனால் அதே 1995இல் அல்வாரோ பாஸ்குவல்-லியோன் குழு வெளியிட்ட சோதனையைச் சேர்த்துப் படித்தால் கதை மாறுகிறது. பியானோ தொட்டே பார்த்திராத பெரியவர்களை ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம், ஐந்து விரல் பயிற்சி ஒன்றைச் செய்யவைத்தார்கள். ஐந்தே நாளில் மூளையில் அந்த விரல்களுக்கான இயக்கப் பரப்பு விரிந்தது. இன்னொரு குழுவினர் கருவி முன் உட்கார்ந்து விரலை அசைக்காமல் மனத்துக்குள்ளேயே வாசித்தார்கள். அவர்கள் மூளையிலும் ஏறக்குறைய அதே மாற்றம். கைத்திறன் மட்டும் நிஜமாக வாசித்தவர்கள் அளவுக்கு வரவில்லை. கம்பெனி பஸ்ஸில் தினம் ஒரு மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

நியூயார்க் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியராக இருந்த கேரி மார்கஸ் நாற்பதை நெருங்கும் வயதில் முதல் முறையாகக் கிட்டாரை எடுத்தார். தாளம் சுத்தமாகப் பிடிபடாத மனிதர் அவர். அந்த அனுபவத்தை 2012இல் ‘கிட்டார் ஜீரோ’ என்று புத்தகமாகவே எழுதினார். அவர் மேதையாகிவிடவில்லை, தேறினார், அதுவே போதும் என்று சொன்னார். ஆனால் பேராசிரியருக்கு ஒரு வசதி இருந்தது. பல்கலைக்கழகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு பழக முடிந்தது. ஒரகடத்தில் டோர் லைனில் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை.

இங்கேதான் விஷயம் வருகிறது. இந்த வட்டாரத்தில் பெரியவர்கள் இசை கற்பதற்குத் தடை வயது அல்ல, விரல் அல்ல, காசுகூட முதல் தடை அல்ல. ஷிஃப்ட்தான் தடை. இந்த வாரம் ஏ ஷிஃப்ட், அடுத்த வாரம் பி, அதற்கடுத்த வாரம் நைட். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வகுப்பு என்று எந்த ஆசிரியர் சொன்னாலும், மூன்று வாரத்தில் ஒன்றிரண்டு வாரம் மாணவர் லைனில் நிற்பார் அல்லது தூங்கிக்கொண்டிருப்பார். ஓ.டி. வந்தால் மிச்சமிருக்கிற வாரமும் போச்சு. முறையாகச் சொல்லித்தரும் இடங்களில் பெரும்பாலானவை சென்னைக்குள் இருக்கின்றன. 1842இல் தொடங்கிய அண்ணா சாலை மியூசி மியூசிக்கலுக்கு ஒரகடத்திலிருந்து போய்வருவதற்குள் வாரத்தின் ஒரே விடுமுறை நாளில் பாதி பஸ்ஸில் கழியும்.

சரி, ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் சேர்த்து வாசித்துக்கொண்டால் ஆகாதா? ஆகாது. இதற்குத் தொழிலாளர்களை வைத்தே செய்த பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் தபால் துறை கடிதங்களைப் பிரிக்க இயந்திரம் கொண்டுவந்தபோது, தபால்காரர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆலன் பேட்லியும் லாங்மனும் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்து, 1978இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள், தினம் இரண்டு இரண்டு மணியாக நான்கு மணி நேரம் பழகியவர்களைவிட மிகக் குறைந்த மொத்த நேரத்தில் விசைப்பலகையைக் கற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு மணி நேரக் குழுவினர்தான் தங்கள் அட்டவணையைப் பற்றி அதிகம் குறைப்பட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் நாள்கணக்கில் முந்திக்கொண்டு போவதைப் பார்த்த எரிச்சல். விரல் வேலை எதுவானாலும் பாடம் இதுதான்: தினம் கொஞ்சம். தினம் இருபது நிமிடம் வாசிக்கிறவர் ஞாயிறு மட்டும் வாசிக்கிறவரைத் தாண்டிப் போய்விடுவார். அந்த இருபது நிமிடத்துக்குக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், வாசிக்க ஒரு இடமும் வேண்டும்.

இடம்தான் பெரிய சிக்கல். ஒரே அறையில் ஆறு பேர் தங்கும் ஹாஸ்டலில் பகலில் எப்போதும் இருவராவது நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே எஃப் கார்டை நூறு முறை அடிப்பவர் நண்பர்களை இழப்பார். பாலத்துக்குப் பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் ஒரு துணியைச் செருகிக்கொள்ளலாம், பிக் இல்லாமல் கட்டைவிரலால் மீட்டலாம், ஸ்டீலுக்குப் பதில் நைலான் தந்திக் கிட்டார் வாங்கலாம். கொஞ்சம் காசு இருந்தால் எலக்ட்ரிக் கிட்டாரை ஹெட்போனில் கேட்டு வாசிக்கலாம். எல்லாமே சமாளிப்புதான். கிட்டாரின் இன்பத்தில் பாதி, பெட்டி அதிர்வது நெஞ்சில் படுவது. அதைத் துணி போட்டு மூடிவிட்டுப் பழகச் சொல்வது கொடுமை.

இந்தப் பின்னணியில் வல்லம் வடகாலில் நின்றுகொண்டிருக்கும் அந்தப் பெரிய கட்டடத் தொகுதியைப் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் தனியார் ஹாஸ்டல் ஒன்றில் சாப்பிட்ட ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் பலருக்கு உடல்நிலை கெட்டு, அவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான், தொழிலாளி எங்கே தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார் என்ற கேள்வி அரசின் காதில் விழுந்தது. 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் வளாகத்தை 706.50 கோடி ரூபாயில் கட்டி முதல்வர் திறந்துவைத்தார். நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஒரு படுக்கைக்குச் சுமார் 3.77 லட்சம் ரூபாய். பழகுவதற்கான கிட்டார் ஒன்றுக்கு 8,000 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒற்றைப் படுக்கைக்கான செலவில் நாற்பதுக்கும் மேற்பட்ட கிட்டார் வாங்கிவிடலாம். ஒரு ஊரே குடியிருக்கும் இடத்தில் சத்தம் வெளியே போகாத நான்கு அறை, சுவரில் மாட்டிய நாற்பது கிட்டார், கையெழுத்துப் போட்டு எடுத்துப்போக ஒரு பதிவேடு. இதற்குத் தனி மானியக் கோரிக்கை எல்லாம் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்லிவந்தது என்பதும் கவனிக்கத் தக்கது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்றது. 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை. முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம். வயிறும் முதுகும் சட்டத்தில் இருந்தன. அதற்கு மேல் மனிதருக்கு என்ன வேண்டியிருக்கும் என்று எழுதியவர்கள் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அது அவரவர் பாடு என்று விட்டிருக்கலாம். அவரவர் பாடு பார்க்க வீட்டுத் திண்ணையும் கோயில் மண்டபமும் தேவாலயப் பாடகர் குழுவும் இருந்த காலம் அது. சொந்த ஊரை விட்டு வந்து ஹாஸ்டலுக்கும் லைனுக்கும் நடுவே பஸ்ஸில் போய்வருபவருக்கு அவை எதுவும் இல்லை.

‘சம்பளமும் சங்கமும் பேச வேண்டிய இடத்தில் கிட்டாரா?’ என்று தொழிற்சங்கத் தோழர் ஒருவர் கேட்கக்கூடும். கேட்கத்தான் வேண்டும். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்தது கிட்டாருக்காக அல்ல, சங்கத்துக்கான அங்கீகாரத்துக்காக. ஆனால் சங்கங்களின் மிகப் பழைய கோரிக்கையே நேரம் பற்றியதுதானே? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மீதி எட்டு மணி நேரம் மனிதனின் விருப்பத்துக்கு. அந்தக் கோரிக்கையில் பிறந்த மேதினத்தை இந்தியாவிலேயே முதன்முதலில் 1923இல் சிங்காரவேலர் கொண்டாடியது சென்னையில். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா இதே சென்னையில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மேதினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. மூன்றாவது எட்டு மணி நேரம் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல, அதை எதனாலாவது நிரப்பிக் காட்ட வேண்டியிருக்கிறது. இடதுசாரி மேடைக்கும் இது புதிதல்ல. பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் பாடியதும், முற்போக்கு எழுத்தாளர் அமைப்பான தமுஎகசவின் கலை இரவுகளில் விடிய விடியப் பறையும் பாட்டும் ஒலித்ததும் அந்த மூன்றாவது எட்டில்தான்.

ஆலையும் இசையும் சேர்ந்த கதை வெளியூரில் நிறைய உண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் குயின்ஸ்பரி என்ற ஊரில் ஜான் ஃபாஸ்டர் என்பவரின் கம்பளி ஆலை இருந்தது. 1855இல் ஆலையின் பெயரிலேயே பிளாக் டைக் மில்ஸ் பேண்ட் உருவானது. கருவி, சீருடை, பயிற்சி அறை எல்லாம் ஆலை கொடுத்தது; வாசித்தவர்களில் பலர் அதே ஆலையில் வேலை பார்த்தவர்கள். 1968இல் பால் மெக்கார்ட்னி தேடிப் போய் அவர்களை வைத்து இசைத்தட்டு பதிவுசெய்தார். பேண்ட் இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறது. முதலாளியின் தாராளத்தை மட்டும் புகழ இதைச் சொல்லவில்லை. கருவி கொடுக்கும் முதலாளி, எதை வாசிப்பது என்றும் சொல்ல ஆசைப்படுவார். கம்பெனி ஆண்டு விழாவில் எம்.டி. முன்னால் நாலு பேரை நிறுத்தி வாசிக்கவைத்து, அந்தப் படத்தை நாள்காட்டியில் போடுவதற்கு இசை அறை தேவையில்லை. அறையின் சாவி தொழிலாளர் குழுவிடம் இருக்க வேண்டும்.

கிட்டாரும் ஆலையும் இன்னும் நெருக்கமாக, வலியோடு, சந்தித்த கதை ஒன்று பர்மிங்ஹாமில் நடந்தது. டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகரத் தகடு ஆலையில் வேலை பார்த்தான். இசைக்குழுவோடு ஐரோப்பா போகப்போவதால் அன்று வேலையில் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவன் அப்படியே இருந்துவிட நினைத்தான். ஏற்ற வேலையை ஒழுங்காக முடி என்று தாய் திருப்பி அனுப்பினார். பழக்கமில்லாத பிரஸ் மெஷினில் நிறுத்தினார்கள். நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போயின. இடக்கைக்காரனான அவனுக்குத் தந்தியை அழுத்த வேண்டிய கை வலக்கை, அடிபட்டதும் அதேதான். மருத்துவர்கள் கிட்டாரை மறந்துவிடச் சொன்னார்கள். ஆலையின் மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. 1928இல் வண்டி வீடு தீப்பிடித்ததில் இடக்கை இரண்டு விரல்கள் முடங்கிப்போன பின் ஐரோப்பிய ஜாஸின் பெரும் கிட்டார் கலைஞரானவர். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்துகொண்டான், அதன்மேல் தோல் ஒட்டினான், மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டான், பின்னாளில் தந்தியின் இழுவிசை குறையட்டும் என்று சுருதியையும் கீழே இறக்கினான். 1970இல் பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. ஹெவி மெட்டல் என்று உலகம் இன்று கேட்கும் அந்தக் கனத்த சத்தத்துக்குள் ஒரு பிரஸ் ஷாப் விபத்தும் இருக்கிறது.

உதிரிபாக ஆலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் பிரஸ் மெஷின் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. விரல் போவதை வீரக்கதையாக்குவதும் தவறு. சென்சார் இல்லாத மெஷினில் ஆளை நிறுத்தியவரைக் கேள்வி கேட்பதுதான் முதல் வேலை. ஆனால் நாளெல்லாம் திருகு முடுக்கி மணிக்கட்டு தேய்ந்தவர்களும், காற்றுக் கருவிகளின் அதிர்வில் விரல் நுனி மரத்துப்போனவர்களும் கிட்டாரை எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கையை உதறி நிறுத்த வேண்டும். மணிக்கட்டு சுருக்கென்றால் அன்றைக்குப் போதும். யூடியூப் பாடங்கள் சொல்லாமல் விடும் இந்த ஒரு விஷயத்துக்காகவாவது கையைப் பார்த்துத் திருத்தும் ஆசிரியர் தேவை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி காஞ்சிபுரத்தில் இருக்கிறது. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று மூன்றாண்டுப் படிப்பு. கட்டணம் மிகக் குறைவு. ஆனால் வகுப்பு பகலில். சேர வயது 12 முதல் 25 வரை. கிட்டார் பாடத்தில் இல்லை. மரபுக் கலைகளுக்காகத் தொடங்கிய பள்ளி என்பதால் கடைசிக் குறையைப் பெரிதுபடுத்த வேண்டாம். வயது வரம்பை மட்டும் நினைத்துப் பார்க்கலாம். 1943இல் பிறந்த இளையராஜா பண்ணைப்புரத்திலிருந்து சென்னை வந்து, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைக் குறிப்பு படிக்க உட்கார்ந்தபோது அவருக்கு ஏறக்குறைய அந்த 25 வயது. ஆர்மோனியமும் கிட்டாரும் ஏற்கெனவே கைப்பழக்கம் என்றாலும், தாளில் எழுதிய இசையைப் படிப்பது அவருக்கு அங்கேதான் தொடங்கியது. பிறகு லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வையும் எழுதினார். ‘அன்னக்கிளி’ வந்தபோது வயது 32. நம் இசைப்பள்ளி விண்ணப்பத்தில் அவர் ஓரிரு ஆண்டு தாமதித்திருந்தாலும் வயது தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

டிரினிட்டி தேர்வுகளுக்கு வயது வரம்பே கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். இப்போது வாசிப்பதைக் காணொளியாகப் பதிவுசெய்து அனுப்பியும் தேர்வு எழுத முடிகிறது. ஷிஃப்ட் மாறி மாறி வருபவருக்கு அது பெரிய வசதி. சான்றிதழ் வேண்டும் என்று எல்லோருக்கும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்து அடுத்த ஊருக்குக் கிளம்பும் டிரெய்னியின் பையில் கம்பெனி அனுபவக் கடிதத்தோடு இன்னொரு தாளும் இருந்தால் என்ன கெட்டுவிடும்? 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியபோது ஸ்ரீபெரும்புதூர் அறிந்துகொண்டது, லைனில் கற்ற திறமை லைனோடு நின்றுவிடும் என்பதை.

பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியில், சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவைக் காட்ட விதிகள் இடம்தருவதில்லை. ஆகவே கம்பெனிகள் தம் வளாகத்துக்குள் அறை கட்டினால் அது ஊழியர் நலச் செலவு. அதைச் செய்ய யார் தடுத்தார்கள்? ஊருக்கே திறந்திருக்கும் பயிற்சி மையமாகச் சிப்காட் கட்டினால், நான்கைந்து நிறுவனங்கள் சேர்ந்து நடத்தலாம், சுற்றுப்புறக் கிராமத்துப் பிள்ளைகளும் வரலாம். இரண்டாவதுதான் நல்லது. ஆலைக்கு நிலம் கொடுத்த ஊர்களுக்கும் ஆலையில் வேலைக்கு வந்தவர்களுக்கும் இடையே இன்று வாடகைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு குறைவு.

சொல்லித்தர ஆளா இல்லை? திரையிசையில் ஐம்பது வயலினும் நாலைந்து கிட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த காலம் கம்ப்யூட்டரால் முடிந்துபோனது. ஸ்டுடியோ வேலை குறைந்த கலைஞர்கள் சென்னையில் இருக்கிறார்கள். தேவாலயங்களில் வாரந்தோறும் வாசிக்கும் இளைஞர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, கானாவும் பறையும் கிட்டாரும் ஒரே மேடையில் சண்டையில்லாமல் நிற்கும் என்று காட்டியது. அந்த வழியில் வந்த சுயாதீன இசைக்காரர்களுக்குத் தொழிலாளர் ஹாஸ்டல் ஒன்றும் அந்நிய இடமல்ல. அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும், மேடையும் பொன்னாடையும் கொடுத்து அனுப்பக் கூடாது. பாடத்தையும் ஷிஃப்டுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும்: ஏ ஷிஃப்ட் விட்டபின் மாலை நான்கரைக்கு நடக்கும் வகுப்பு, பி ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் காலை பத்தரைக்கு அப்படியே மறுபடி நடக்க வேண்டும், நைட் ஷிஃப்ட்காரர் எழுந்தபின் இரண்டில் எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆசிரியர் பூந்தமல்லியில் ஏறிக்கொள்ள, கம்பெனி பஸ்ஸில் கிட்டார் உறையோடு ஒரு சீட்.